சகலைகளின் பெருந்தன்மை

நாலு நாள் லீவு வாங்குவதற்காகப் பெரியவள் மூன்று ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக வேலை பார்த்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஆறரைக்கே வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்து முறைக்கிறவர்களின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டித் தேடி, "லேசா சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான்" என்று நூறு பேரிடம் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும். எல்லாம் தங்கச்சிக்காக. வேறு ஊரில் தபால் ஆபீஸ் கவுண்டரில் பார்சல் எடை போட்டுக்கொண்டிருக்கிற சின்னவளோடு சேர்ந்தாற்போல் நாலு நாள் இருந்து ஆறு வருஷம் ஆகிறது. நடுவில் பார்த்ததெல்லாம் "வா, சாப்பிட்டியா, சரி கிளம்பறேன்" என்கிற கதைதான்.

பிள்ளைகளுக்குத் தீம் பார்க் என்பது வெளியே சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு. உள்ளே போட்ட திட்டம் வேறு: ஒரே ஹோட்டல், பக்கத்துப் பக்கத்து ரூம், நடுவில் ஒரு கதவு. அதைத் திறந்து போட்டுவிட்டு ஆறு வருஷத்துப் பேச்சைப் பேசித் தீர்ப்பது. அவ்வளவுதான் ஆசை. ஹோட்டலை மட்டும் ஆம்பளைங்க பார்த்துக்கட்டும் என்று விட்டார்களே, அங்கேதான் புத்தி பிசகிப்போனது.

பெரியவளின் புருஷன் கண்ணாடிக் கடைக்காரர். நாள் முழுக்க அடுத்தவன் கண்ணுக்கு முன்னால் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பவர். சின்னவளின் புருஷன் டைல்ஸ் வியாபாரி. எங்கே போனாலும் குனிந்த தலை நிமிராமல் நடப்பார். பணிவு என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது, தரையில் டைல்ஸ் ஒட்டின லட்சணத்தைப் பார்க்கிறாராம். சகலைகள் இரண்டு பேரும் நேரில் பார்த்தால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பக்கம் திரும்பியதும், "ஆளு எப்படி ஊதிட்டான் பாரு" என்பார்கள்.

பார்க்கின் ஒரு கோடியில் கோட்டை மாதிரி கட்டின ஹோட்டல். ஜன்னலைத் திறந்தால் ராட்டினம், ரயில், வாணவேடிக்கை எல்லாம் தெரியும் என்று கண்ணாடிக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். மறு கோடியில் ஏரிக்கரை ஹோட்டல். அங்கே குளியலறையில் முழுப் பளிங்கு, இணைப்பே தெரியாது என்று டைல்ஸ்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் அரைமணி நேரம்.

ரெண்டு மாசம் ஓடியது. கண்ணாடிக்காரர் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் போனோடு உட்கார்ந்துவிடுவார். தங்கிப் போனவர்கள் எழுதின அபிப்பிராயங்களைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தார். யாரோ ஒரு புண்ணியவான், 'காலைச் சாப்பாட்டில் முலாம்பழம் கொஞ்சம் சோகமாக இருந்தது' என்று எழுதியிருந்தான். அதற்கு இவர் அரைமணி நேரம் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"ஏழு வகைத் தலையணை வச்சிருக்கானாம். நமக்கு எது வேணும்னு முன்னாடியே சொல்லணுமாம்."

"உங்களுக்குத் தலையணையே வேணாம். சோபால சாஞ்சாலே குறட்டை வருது. ரெண்டு பேரும் ஒரே ஹோட்டலா போட்டுத் தொலைங்களேன்."

"போடலாமே. அவனை நம்ம ஹோட்டலுக்கு வரச் சொல்லு. நான் எதுக்கு அவன் பின்னாடி போகணும்? நான் மூத்த மாப்பிள்ளை!"

அந்தப் பக்கம் டைல்ஸ்காரரும் இதே பாட்டைத்தான் பாடினார். "வயசுல பெரியவர்னா ரசனையிலயும் பெரியவரா? கோட்டையில பாத்ரூம் தரை பிளாஸ்டிக் சமாச்சாரம்" என்றாராம். கடைசியில் ஆளுக்கொன்றாக, அவரவர் ஹோட்டலில் ரூம் போட்டுவிட்டார்கள். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஊசி பிடித்தது பஸ் ஏறிப் போய்த் தங்கச்சியைப் பார்த்துவிட்டு வரவா?

கெஞ்சிப் பலனில்லை என்று தெரிந்ததும் ஆளின் நாடியைப் பிடித்தாள். நரம்பு தேடுகிறவளுக்கு இது ஒரு வேலையா?

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. யாருக்கும் சொல்லாம நீங்க அவர் ஹோட்டலுக்கு மாத்திட்டீங்கன்னு வைங்க. விட்டுக்கொடுத்த மகராசன்னு பேரு யாருக்கு? ஆயுசுக்கும் சொல்லிக்காட்டலாமே."

கண்ணாடிக்காரரின் முகத்தில் விளக்கு எரிந்தது. "நேரா அவன் ஹோட்டல் வாசல்ல போய் நிக்கணும். 'உங்களுக்காகத்தான் சகலை'ன்னு ஒரே வார்த்தை. அவன் முகத்துல ஈ ஆடக் கூடாது!" மறுநாளே மாற்றினார். தங்கச்சியிடம் மூச்சுவிடக் கூடாது என்று பெண்டாட்டியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவளும் சந்தோஷத்தில் சரி சரி என்று தலையாட்டினாள்.

ஏரிக்கரை ஹோட்டலில் இறங்கியதும் வெள்ளைக் கையுறை போட்டவன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனான். ஒருத்தி வெந்நீரில் நனைத்த துண்டைக் கொடுத்தாள். அதை வைத்து எதைத் துடைப்பது என்று தெரியாமல் கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு வாசலைப் பார்த்த சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். "உங்களுக்காகத்தான் சகலை" என்று முணுமுணுத்துப் பார்த்தார். குரல் கொஞ்சம் கட்டையாக இருந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. மகள் மூன்றாவது முறையாக மீன்தொட்டியைச் சுற்றி வந்தாள். போன் அடித்தது.

"சகலை! எங்க இருக்கீங்க? ஒரு மணி நேரமா வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கோம்" என்றது டைல்ஸ்காரரின் குரல்.

"நீங்க எந்த வாசல்ல?"

"உங்க கோட்டை வாசல்லதான்! உங்களுக்காகத்தான் மாத்தினேன் சகலை!"

போனில் வந்த சத்தம் பக்கத்தில் இருந்த பெரியவளுக்கும் கேட்டது. சின்னவளும் அதே ஊசியை அதே நரம்பில் குத்தியிருக்கிறாள்! ஒரே வயிற்றில் பிறந்த புத்தி வேறு எப்படி இருக்கும்? ஒரு வார்த்தை முன்னாடி சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டாமா? சிரிக்கவில்லை மகானுபாவர்கள். விட்டுக்கொடுத்ததில் யார் பெரியவர் என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

"நான் செவ்வாய்க்கிழமையே மாத்திட்டேன்!"

"நான் திங்கட்கிழமை!"

"நான் ஜன்னலையே தியாகம் பண்ணியிருக்கேன். நீங்கதான் இங்க வரணும்."

"அந்தப் பளிங்குக் குளியலறையை விட்டுட்டு வந்திருக்கேன் நான். என்கிட்டப் போய்த் தியாகம்னு பேசறீங்களே!"

இரண்டு ஹோட்டலிலும் வேறு ரூம் இல்லை என்று வரவேற்பில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அழுதுவிடக் கூடாது என்று பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றபோது அவளுடைய போன் அடித்தது.

"அக்கா." சின்னவள்தான். "இதுங்க ரெண்டும் நாலு நாளும் இப்படியேதான் கிடக்கும். நீ பாப்பாவைக் கூட்டிட்டு வந்துடு."

"நீ வாயேன்டி."

"நீ வாக்கா. இங்க கட்டில் எவ்வளவு பெருசு தெரியுமா?"

"இங்க மட்டும் என்னவாம்? பாத்ரூமே நம்ம வீட்டு ஹால் அளவு..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடிப்பாவி, எனக்குமா தொத்திக்கிச்சு! "நானே வரேன். உன் வீட்டுக்காரரை இங்க அனுப்பிடு."

ஒரு பையை எடுத்துத் தோளில் மாட்டி மகளின் கையைப் பிடித்ததும்தான் கண்ணாடிக்காரருக்கு விஷயம் உறைத்தது.

"நீ எங்க கிளம்பிட்ட? அப்போ நான்?"

"உங்க சகலை வரார். ரெண்டு பேரும் இங்கயே இருங்க."

"அவன் பிடிச்ச ஹோட்டலுக்கே வரானா? அப்போ அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடுமே! அதுவும் ஒரே கட்டில்..."

"கோட்டையில ஏழு வகைத் தலையணைன்னா இங்க நாலு வகையாவது இருக்காதா? கேட்டு வாங்கி நடுவுல அடுக்கிக்கோங்க."

பஸ் பார்க்கைச் சுற்றிக்கொண்டு போனது. எதிரே வந்த பஸ்ஸில் டைல்ஸ்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். மடியில் பெட்டி, காதில் போன், வாய் ஓயவில்லை. யாரிடம் பேசுகிறார் என்று அவளுக்குக் கேட்காமலே தெரிந்தது.

கோட்டை வாசலில் சின்னவள் ஹோட்டல் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள், ஒரு கையில் மகனைப் பிடித்தபடி. கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தாள். போனில் முகம் பார்த்துப் பேசும்போது இதெல்லாம் எங்கே தெரிந்தது? பெரியவளுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது.

"நாலு நாள்ல அரை நாள் போச்சேடி."

"மீதி மூணரை நாள் இருக்குல்ல?" சின்னவள் அக்காவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். "வா. இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கிறதா இல்ல."