அறுபத்தைந்தாவது கைநாட்டு

புந்தோக் ஊருக்குக் கரண்ட் வந்த கதையை மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தார் எங்கே பேசினாலும் பெர்பெக்தோவில்தான் தொடங்குவார்கள். தொடங்கட்டும், உழைத்த மனிதர்தான். எழுபத்திரண்டாம் வருஷம் ஆள் சேர்க்கக் கிளம்பியவர், செருப்புத் தேயத் தேய வீடு வீடாக ஏறி இறங்கினார். எந்தக் கம்பெனிக்காரனும் இந்தத் தென்னங்காட்டுக்குள் கம்பி இழுக்க வரமாட்டான், நாமே சேர்ந்து இழுத்தால்தான் உண்டு என்று தொண்டை வற்றச் சொன்னார். பாதிப் பேர் சிரித்தார்கள். "கோழியோட படுத்துக் கோழியோட எந்திரிக்கிறவனுக்கு லைட்டு எதுக்குண்ணே? கோழிக்கா?" என்று கேட்டவனும் கடைசியில் கையெழுத்துப் போட்டான். அறுபத்து நான்கு வீடு சேர்ந்தது. பெர்பெக்தோவை அந்த ஊருக்கு இயக்குநர் ஆக்கினார்கள்.

அடுத்த வேலை மரம் வெட்டுவது. கம்பி போகும் பாதையில் ஒரு தென்னைகூட நிற்கக்கூடாது. நஷ்ட ஈடும் கிடையாது. நிலத்துக்காரர்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்றது சங்கம். ஓடைக்கு அந்தப் பக்கத் தோப்பின் சொந்தக்காரர் மணிலாவில் இருந்தார். காகிதம் தபாலில் போய்க் கையெழுத்தோடு தபாலில் வந்தது. அந்தத் தோப்பை பங்கு வாரத்துக்குப் பார்த்து வந்த கௌதென்சியோவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காய்த்துக்கொண்டிருந்த பத்தொன்பது மரங்கள் ஒரே நாளில் விழுந்தன. பத்தொன்பது மரத்துக் கொப்பரையில் அவனுக்கு வரவேண்டிய பங்கும் அதோடு விழுந்தது.

கௌதென்சியோவின் இரண்டாவது மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர் பெர்பெக்தோ. அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கும்பாரே என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனாலும் சங்கக் கூட்டத்துக்கு வெளியே, ஜன்னலோரம் நின்றுகொண்டு, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கௌதென்சியோ கேட்டான்:

"கும்பாரே, வெட்டு என் மரத்துக்கு, வெளிச்சம் உங்க வீட்டுக்கு. நல்லாத்தான் பங்கு பிரிச்சிருக்கீங்க. எனக்கு அந்தக் கம்பத்து நெழலையாச்சும் எழுதிக் குடுங்க, உக்காந்துக்கறேன்."

கூட்டமே சிரித்தது. பெர்பெக்தோவும் சேர்ந்து சிரித்தார், ஆனால் காது இரண்டும் எரிந்தன. அதற்குப் பிறகு ஓடை தாண்டிப் போவதை அவர் குறைத்துக்கொண்டார். கௌதென்சியோ சங்கத்தில் சேரவில்லை. அவன் தலைக்கு மேலே கம்பி போயிற்று, அவன் வீட்டுக்கு வரவில்லை.

கம்பி இழுத்து முடித்தும் ஏழு மாதம் கரண்ட் வரவில்லை. மின்மாற்றி எங்கோ துறைமுகத்தில் கிடக்கிறது என்றார்கள். அந்த ஏழு மாதத்தில் ஊர் அந்தக் கம்பியோடு பழகிவிட்டது. தேங்காய் பறிக்கிறவர்கள் அதற்கு ஒரு உபயோகமே கண்டுபிடித்தார்கள். அந்தப் பக்கம் யாரும் மரம் ஏறுவதில்லை. மூங்கிலோடு மூங்கிலைக் கட்டுக்கம்பியால் சேர்த்துக் கட்டி, நுனியில் அரிவாள் வைத்த நாற்பதடித் தொரட்டிதான். அதைப் படுக்கப் போட்டுவிட்டு மறுபடி நிமிர்த்துவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். எனவே சாப்பிடப் போகும்போதும், வெற்றிலை போட உட்காரும்போதும், தொரட்டியின் அரிவாளைக் கம்பியில் மாட்டி நிற்கவைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தால் அப்படியே நிற்கும். "சங்கம் நமக்குச் செஞ்ச ஒரே உபகாரம்" என்று கௌதென்சியோ சொல்லுவான். மாட்டியிருந்த தொரட்டிகளைப் பெர்பெக்தோவும் பார்த்திருக்கிறார். தடுக்கவில்லை. உயிரில்லாத கம்பிதானே என்று விட்டுவிட்டார்.

எழுபத்து நான்காம் வருஷம், மழைக்காலத் தொடக்கத்தில், நாள் குறித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் விழா. கவர்னர் வந்து விசையைத் தட்டுவார். ஊருக்கெல்லாம் அது தெரியும். பன்றி வாங்கியாயிற்று, பேண்டு பேசியாயிற்று. ஆனால் விழாவில் விளக்கு எரியாமல் போனால் மானம் போய்விடும் என்று, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே கம்பியில் கரண்டை விட்டுச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார் சங்கத்து மேனேஜர் ஒப்லியாதா. அதைச் சொல்லத்தான் ஒரு படிவம் வந்தது. கம்பி போகும் பாதையில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். அறுபத்து நான்கு உறுப்பினர் பெயரும் அச்சில் இருந்தன. உறுப்பினர் அல்லாதவர்களை எழுதிக்கொள்ளக் கடைசியில் சில காலி வரிகள்.

பெர்பெக்தோ மூன்று நாள் நடந்தார். "வெள்ளி காலைல இருந்து கம்பியத் தொடாதீங்க, தொரட்டி மாட்டாதீங்க, புள்ளைங்கள பட்டம் விட விடாதீங்க" என்று அறுபத்து நான்கு வாசலில் சொன்னார். புதன்கிழமை மத்தியானம் ஓடைக்கரையில் வந்து நின்றார். மழை விட்டிருந்தது. ஓடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர். எதிரே கௌதென்சியோவின் கூரையில் புகை தெரிந்தது. அவன் என்ன சொல்வான் என்று யோசித்துப் பார்த்தார். "வாங்க கும்பாரே, மிச்சம் இருக்கிற மரத்தையும் எண்ணிட்டுப் போக வந்தீங்களா?" என்பான். அவன் மனைவி பெலாகியா உள்ளிருந்து சிரிப்பாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி நடந்தார்.

மறுநாள் பந்தல் வேலை. மறந்துவிட்டார் என்று சொன்னால் அது பொய். இரண்டு தடவை ஞாபகம் வந்தது. இரண்டு தடவையும் யாராவது அவன் காதில் போட்டிருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். படிவத்தை வாங்கிய மேனேஜர், "எல்லா வீடும் ஆச்சா?" என்று கேட்டார். "எல்லாம் ஆச்சுங்க" என்றார் பெர்பெக்தோ.

விழா சனிக்கிழமை என்று மட்டும் தெரிந்த கௌதென்சியோ வெள்ளிக்கிழமை காலை காய் பறித்தான். விடிகாலை மழையில் மூங்கில் ஊறியிருந்தது. பத்து மணி வாக்கில் பசியெடுத்திருக்க வேண்டும். ஏழு மாதமாகச் செய்த மாதிரியே தொரட்டியைத் தூக்கிக் கம்பியில் மாட்டினான்.

துணை மின் நிலையத்தில் விசை தானாக விழுந்தது. ஏதாவது மட்டை உரசியிருக்கும் என்று சொல்லி, மேனேஜர் இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டார்கள். மறுபடி விழுந்தது. அதற்குப் பிறகுதான் ஆள் அனுப்பினார்கள்.

பெர்பெக்தோ போனபோது பெலாகியா கொஞ்சம் தள்ளி, சேற்றில் உட்கார்ந்திருந்தாள். கிட்டே போகாதே என்று யாரோ அவளைப் பிடித்திருந்தார்கள். தொரட்டி பாதி கருகி இன்னும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பெர்பெக்தோ தொப்பியைக் கழற்றினார். கீழே கிடந்த கௌதென்சியோவின் கையைப் பார்த்தார், அப்புறம் பார்க்க முடியவில்லை.

அன்று மத்தியானம் மேனேஜர் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசைமேல் படிவம் விரித்திருந்தது.

"இதுல அவன் பேர் இல்லையே."

"அவன் மெம்பர் இல்லைங்க."

"மெம்பரோ இல்லையோ, பாதையில இருக்கிற ஒவ்வொரு வீடும்னு எழுதியிருக்கு. எல்லாம் ஆச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?"

பெர்பெக்தோ தொப்பியைக் கையில் சுருட்டினார்.

"மணிலாலேர்ந்து, சங்கத்துக்குக் கடன் குடுக்கற ஆபீசுலேர்ந்து ஆளு வருவான்" என்றார் மேனேஜர். "இதப் பாப்பான். கடன் குடுக்கறத நிறுத்துவான். அறுபத்து நாலு வீடும் மண்ணெண்ணெய் வெளக்கோட கெடக்கும். நீங்க உள்ள போவீங்க. நானும் போவேன்னு வச்சுக்கங்க. அதனால அவன் எந்திரிச்சு வரப் போறானா?" பிறகு நாற்காலியைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். "கடைசியில வரி காலியாத்தான் இருக்கு. மைப்பெட்டி அங்க இருக்கு."

ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை, ஒரு சுவர்தான். அந்த மனிதர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெர்பெக்தோ அறுபத்தைந்து என்று எண்ணைப் போட்டு, கௌதென்சியோவின் பெயரை எழுதினார். தன் வலது கட்டைவிரலை மையில் அழுத்தி, பெயருக்குப் பக்கத்தில் வைத்தார்.

விழா நடந்தது. கவர்னர் ஒரு நிமிஷம் மௌனம் காக்கச் சொல்லிவிட்டு விசையைத் தட்டினார். எச்சரித்தும் கேட்காமல் போனவன் என்று ஊர் பேசிக்கொண்டது. விசாரணைக்கு வந்த ஆள் படிவத்தைப் பார்த்தான், தலையாட்டினான், சாப்பிட்டுவிட்டுப் போனான்.

கௌதென்சியோவுக்கான ஒன்பதாம் நாள் ஜெபத்துக்குப் பெர்பெக்தோ ஓடையைத் தாண்டினார். தண்ணீர் இடுப்பளவு இருந்தது, தாண்டிவிட்டார். மேனேஜரும் பங்குப் பாதிரியாரும் படகில் வந்திருந்தார்கள். ஜெபமாலை முடிந்து, எல்லாருக்கும் இலையில் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, பெலாகியா அவரைப் பின்பக்கம் பாத்திரம் கழுவும் மூங்கில் மேடைக்குக் கூப்பிட்டாள்.

"கும்பாரே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க வந்து சொன்னப்ப அவரு என்ன சொன்னாரு?"

பெர்பெக்தோ பாத்திரங்களைப் பார்த்துச் சொன்னார்: "சரின்னான்."

"சரின்னுதான் சொன்னாரா? வேற ஒண்ணும் சொல்லலியா?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் கழுவாத சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "அப்ப தெரிஞ்சுதான் மாட்டியிருக்காரு."

"என்ன சொல்றம்மா?"

"வியாழக்கிழமை ராத்திரி வீட்டுல அரிசி இல்ல. நான் கத்தினேன். பத்தொம்பது மரம் போச்சு, ஜன்னலாண்ட நின்னு கிண்டல் பண்ணத்தான் உன்னால ஆச்சுன்னு சொன்னேன். அதோட விட்டிருக்கலாம். நீ செத்தாலாச்சும் ஊரு நாலு பிடி அரிசி குடுக்கும்னு சொல்லிட்டேன்." குரல் உடையவில்லை, பல நாளாகத் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். "அவரு ஒண்ணும் பேசல. காலைல தொரட்டிய எடுத்துக்கிட்டுப் போனாரு. கம்பில கரண்ட் இருக்குன்னு தெரிஞ்சே போயிருக்காரு. ஃபாதர்கிட்ட நான் இதச் சொல்லல. சொல்லியிருந்தா, தானா செத்தவர்னு அவரு ஒடம்பக் கோயிலுக்குள்ளயே விட்டிருக்க மாட்டாங்க. பாருங்க, ஊரு குடுத்த அரிசியத்தான் இப்ப எல்லாரும் தின்னுட்டிருக்காங்க."

பெர்பெக்தோ மூங்கில் கம்பைப் பிடித்துக்கொண்டார். சிறைக்குப் பயந்தார், சங்கத்துக்குப் பயந்தார், கௌதென்சியோவின் நாக்குக்குப் பயந்தார். இப்படி ஒன்று வரும் என்று எந்தப் பயத்திலும் அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

"பெலாகியா, நான் வரவே இல்ல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓடைக்கரை வரைக்கும் வந்தேன். திரும்பிட்டேன். அவனுக்குத் தெரியாது. ஒண்ணுமே தெரியாது. அந்தக் கைநாட்டு என்னோடது."

சட்டியைக் கீழே வைத்தாள். அவருடைய வலது கையை இழுத்து, கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றும் இல்லை, மை என்றைக்கோ போய்விட்டது. ஆனாலும் விடாமல் பார்த்தாள். அப்புறம் அந்த ஒன்பது நாளில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். அவர் அடியை எதிர்பார்த்தார், சாபத்தை எதிர்பார்த்தார். அவள், "என்னால இல்ல, என்னால இல்ல" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள். "உள்ள வாங்க. அவரோட அம்மா இருக்காங்க, புள்ளைங்க இருக்கு, ஃபாதர் இருக்காரு. இதே மாதிரி ஒரு தடவ சொல்லுங்க. அது போதும் எனக்கு. வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்."

"வரேன். நீ போ, முகத்தக் கழுவிட்டு வரேன்."

அவள் போனாள். மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. "எல்லாரும் கொஞ்சம் இருங்க, யாரும் போயிடாதீங்க. கும்பாரே ஒண்ணு சொல்லணுமாம்." பேச்சுச் சத்தம் அடங்கியது. "என்ன விஷயம்?" என்று மேனேஜர் கேட்பது கேட்டது. அந்தக் குரலைக் கேட்டதும் பெர்பெக்தோவின் கால் மேடையிலிருந்து கீழே இறங்கிவிட்டது. சமையல் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு, வெட்டிப்போட்ட தென்னை அடிமரங்களுக்கு நடுவே, ஓடையைப் பார்த்து நடந்தார்.

"கும்பாரே?" என்றாள் பெலாகியா, பின்கதவிலிருந்து.

அவர் திரும்பவில்லை.

"கும்பாரே, எல்லாரும் காத்திருக்காங்க."

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. மூன்றாவது தடவை அவள் கூப்பிடவில்லை.