ரயிலில் சொன்ன பாஸ்வேர்டு

செங்கல்பட்டு மின்சார ரயிலில், மேல் பலகையில் வைத்திருந்த என் லேப்டாப் பையை எவனோ தூக்கிவிட்டான். தினமும் எதிரே உட்கார்ந்து சீட்டாடும் கும்பலைக் கேட்டேன். "பாக்கலியே சார்" என்றார்கள், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே.

லேப்டாப்பின் வரிசை எண் இருந்தால் தேடலாம் என்றது போலீஸ். அந்த எண் ஒட்டியிருந்த அட்டைப்பெட்டியை என் மனைவி வைஷாலி கிழித்துக் கொலுப் படிக்கு முட்டுக்கொடுத்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பிரௌசிங் சென்டருக்குப் போய், மெயில், வங்கி எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டை மாற்றினேன். திருடன் மேலிருந்த கோபமெல்லாம் அந்தப் பாஸ்வேர்டில் இறங்கியது.

மறுநாள் காலை ரயில் பரனூரைத் தாண்டும்போது வைஷாலி போன் செய்தாள்.

"ஏங்க, நெட்டுல கரண்ட் பில் கட்டணும். புது பாஸ்வேர்டு என்ன?"

மெதுவாகச் சொன்னேன்.

"கேக்கலைங்க!"

"திருட்டு ராஸ்கல் நானூத்தி இருபது!" என்று கத்தினேன்.

சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்த ராமதாஸ் எழுந்துவிட்டார். "யார பாத்து இன்னா சொல்ற நீ?"

"ஐயோ, உங்கள இல்லண்ணே! அது என் பேங்க் பாஸ்வேர்டு!"

போனில் இன்னமும் "கேக்கலைங்க"தான். ராமதாஸ் போனைப் பிடுங்கினார். "யம்மா, திருட்டு ராஸ்கல் நானூத்தி இருபது. எழுதிக்கினியா?"

"நடுவுல எடம் வுடணுமா சார்?" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார்.

லேப்டாப் போனதை ஒரு கண்ணும் பார்க்காத ரயில் பெட்டியில், பாஸ்வேர்டைக் கேட்காத காதே இல்லை.