தலையாட்டிவிட்டுப் போன பிட்சர்

விதிப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தை மூன்றாம் முறை படித்து முடித்தபோது கண்ணாடிக்கடைக்காரர் தட்டைத் தள்ளி வைத்தார். தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. வாரத்தில் ஆறு நாள் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துபவர். ஞாயிற்றுக்கிழமையானால் முகமூடியும் மார்புக் கவசமுமாக பேஸ்பால் மைதானத்தில் அம்பயராக நிற்பவர். பதினோரு வருடப் பழக்கம். "முதல்ல நீங்க ஒரு கண்ணாடி மாட்டுங்க சார்" என்ற கிண்டலுக்கெல்லாம் அவர் அசந்ததில்லை. இன்றும் கண் சரியாகத்தான் பார்த்திருந்தது. புத்திதான் காலை வாரிவிட்டிருந்தது.

காலையில் நடந்தது இறுதி ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், இரண்டு பக்கமும் சமம். எதிரணி ரன்னர்கள் இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் நின்றார்கள். பந்து வீசிக்கொண்டிருந்தது சலூன் வைத்திருக்கும் இடக்கைக்காரன். திடீரென்று அவன் இரண்டாவது பேஸை நோக்கிக் காலெடுத்து வைத்தான், எறிவதுபோல் கையை ஓங்கினான், எறியவில்லை. "பால்க்" என்று கத்தினார் இவர். பந்து வீசும் பிட்சர் அப்படி எறிவதாகப் பாவனை காட்டி ரன்னரை ஏமாற்றினால் அது பால்க்; ரன்னர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பேஸ் முன்னேறலாம். மூன்றாவது பேஸில் நின்றவன் கையை வீசிக்கொண்டு நடந்தே வந்து ஹோம் பேஸைத் தொட்டு வெற்றி ரன்னை எடுத்தான். சலூன்காரன் அணியின் கையைவிட்டுக் கோப்பை போயிற்று.

ஆனால் முதல் பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும்தான் பாவனை கூடாது. ரன்னர் நிற்கும் இரண்டாவது பேஸுக்குக் காட்டலாம். மூன்றாவதைத் தடைசெய்தது சில வருடங்களுக்கு முன்னால்தான். அவர் மூளை அதோடு இரண்டாவதையும் சேர்த்து விழுங்கி வைத்திருந்தது. பாய்ந்து வந்த அவன் அணிக் கோச்சிடம், "விதின்னா விதிதான்" என்று நெஞ்சை நிமிர்த்தியது நினைவுக்கு வந்து கூசியது. அந்த மனிதரும் புத்தகம் படித்தவரில்லை. இவர் இப்போது புத்தகத்தைத் திறந்ததே அவருக்குக் காட்டி வாயடைக்கத்தான்.

"ஆட்டம் முடிஞ்சு போச்சு. ஒருத்தருக்கும் தெரியலை. நீங்களே போய் தண்டோரா போடணுமாக்கும்?" என்றாள் மனைவி. கொஞ்சம் கழித்து, "அந்த பிட்சர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலை. தொப்பியக் கழட்டிட்டு, சரின்னு தலையாட்டிட்டுப் போனான்."

அவள் அவர் தட்டை எடுத்துப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள். "அப்ப சொல்லித்தான் ஆகணும்" என்றாள்.

மறுநாள் சங்கச் செயலாளருக்குப் போன் செய்தார். ஆட்சேபணை இருந்தால் மைதானத்திலேயே தெரிவித்திருக்க வேண்டும், இனி முடிவு மாறாது, பேசாமல் விட்டுவிடுங்கள் என்றார் செயலாளர். இவர் விடவில்லை. தவறு என்னுடையது என்று ஒரு பக்கம் எழுதி, இரண்டு அணிக்கும் வாசித்துக் காட்டச் சொல்லி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தார். கமிட்டி கூடும்வரை மைதானத்துப் பக்கம் வர வேண்டாம் என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை சலூனுக்குப் போனார். உள்ளே ஒரே ஒருவர், பேப்பரை விரித்துக்கொண்டு முறைக்குக் காத்திருப்பதுபோல் தூங்கிக்கொண்டிருந்தார். சலூன்காரன் இவரைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தான். கழுத்தில் துணியைக் கட்டி, கன்னமெல்லாம் நுரை பூசி, வலது பக்கம் மழித்து முடித்தான். அவன்தான் முதலில் பேசினான்.

"மன்னிச்சுக்குங்க சார். ஒரு வருஷம் அத்தனை பேரும் உழைச்சதை ஒரு நொடில கெடுத்துட்டேன். காலு எப்படிப் போச்சுன்னே தெரியலை. எங்க பசங்க ரெண்டு நாளா போனை எடுக்க மாட்டேங்கிறாங்க. க்ளவுஸ மச்சினன்கிட்டக் குடுத்துட்டேன். போதும்."

கத்தி தாடைக்குக் கீழே இறங்கியது.

"தம்பி, அந்தக் கத்தியக் கொஞ்சம் கீழ வைங்க."

"கீறிடுச்சா சார்?"

"இல்ல. கீழ வைங்க, சொல்றேன்."

சொன்னார். எந்தப் பேஸுக்குக் கூடாது, எதற்குக் கூடும், கால் எப்படி பேஸை நோக்கி நேராகப் போக வேண்டும், எங்கே தனக்குக் குழம்பியது என்று ஒன்றுவிடாமல். பேப்பர்க்காரர் விழித்துக்கொண்டார். சலூன்காரன் கண்ணாடிக்குள் இருந்த அம்பயரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் பண்ணது சரி."

"சரி."

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியாது. வீட்டுக்குப் போய்த்தான் பார்த்தேன்."

"கப்பு?"

"வராது. எழுதிக் குடுத்திருக்கேன். உங்க ஆளுங்க எல்லாரையும் கூப்பிடுங்க, அவங்க முன்னாடியும் சொல்றேன்."

"சொன்னா ஆச்சா சார்?" அவன் குரல் உயரவில்லை. "ரெண்டு நாளா என் காலை நானே திட்டிக்கிட்டு இருக்கேன். வர்றவங்க தலையில கை வைக்கவே பயமா இருக்கு, இதையும் கெடுத்துடுவேனோன்னு."

"ஆகாது" என்றார் அவர்.

சலூன்காரன் கத்தியைத் துணியில் துடைத்தான். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். எழுந்து போய்விடலாமா என்று இவர் நினைத்தார். பாதி முகத்தோடு எங்கே போவது. அப்புறம் அவன் கத்தியை மேடையில் வைத்துவிட்டு, இரண்டு நாற்காலிகளுக்கும் இடையில் போய் நின்றான்.

"பேஸை நோக்கிக் கால் நேராப் போகணும்னு சொன்னீங்கல்ல. அன்னைக்கு நேராத்தான் போச்சா? நீங்கதான பார்த்தீங்க."

"நேரா வச்ச மாதிரிதான் இருந்துச்சு."

"மாதிரியெல்லாம் வேணாம் சார். இப்பப் பாருங்க. அந்தத் துண்டு வைக்கிற அலமாரிதான் ரெண்டாவது பேஸ்."

பேப்பர்க்காரர் காலைப் பெஞ்சுமேல் தூக்கி மடக்கிக்கொண்டார். கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். கழுத்துத் துணி முழங்கால்வரை தொங்க, இடது கன்னத்து நுரை காதோரம் வழிய, முழங்கால்களில் கைகளை ஊன்றிக் குனிந்தார். வெட்டிப் போட்ட முடிக்கு நடுவே சலூன்காரன் மெல்ல வலது காலைத் தூக்கினான். இவர் இமைக்காமல் அந்தச் செருப்பின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.