வாயில் ஒரு மடக்குத் தண்ணீர்

“கேம்ப்புலயே பொறந்து கேம்ப்புலயே வளருத புள்ளைக்கு எதுக்குட்டி இன்னொரு கேம்ப்பு?” என்றான் வேல்ராஜ், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே.

மாட்டுங்கா லேபர் கேம்ப் என்கிற அந்தக் குடியிருப்பில் அந்த வாரம் முழுக்க உலவிய நகைச்சுவை அது. தான்தான் முதலில் சொன்னவன் என்று வேல்ராஜுக்கு நினைப்பு. குழாயடியில், அரிசிக்கடையில், மாவு மில்லில் என்று அவன் மனைவி பானுமதி அதை ஏற்கெனவே போதுமான அளவு கேட்டிருந்தாள்.

“இது சம்மர் கேம்ப்பு. செம்பூர்ல. ஆறு நாள் அங்கயே தங்கணும். படம் வரையணும், பாடணும், மைதானத்துல ஓடணும். நம்ம சந்துல ரெண்டு எட்டு ஓடுனா எவன் பைக்குலயாவதுல்லா போயி முட்டணும்!”

“பொட்டப்புள்ளைய வெளிய தங்க வைக்கணுமான்னு பாக்கேன்.”

“பக்கத்து வீட்டு ஆஸியாவே அவ மவ ஷைஸ்தாவ அனுப்புதா. ஒங்களுக்கு என்ன? செம்பூரு என்ன சிம்லாவா? சயான் தாண்டுனா செம்பூரு.”

வேல்ராஜ் தோல் பை செய்யும் பட்டறையில் கட்டிங் வேலை பார்ப்பவன். கத்தி வைக்கும் முன்பு ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிப்பான். வைத்துவிட்டால் மாற்ற மாட்டான்.

“சரி, போகட்டும். ஆனா ஒண்ணு. புள்ள அழுதுச்சு, சண்ட போட்டுச்சுன்னு அங்கேருந்து ஒரு போன் வந்துச்சுன்னு வையி, அன்னைக்கே கூட்டிட்டு வந்துரணும். அதுக்கப்புறம் கேம்ப்புங்கிற பேச்சே இந்த வீட்டுல எழும்பக்கூடாது.”

“வராது,” என்றாள் பானுமதி.

அவள் அப்படித்தான் பேசுவாள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. ரேஷன் கடையில் தகராறா, பள்ளியில் இடம் கிடைக்கவில்லையா, அந்தச் சந்துப் பெண்கள் பானுமதியைத்தான் கூடக் கூட்டிப்போவார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற வாட்ச்மேன்கூட அவளைக் கண்டால் வழி விடுவான்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வீட்டில் வாய் இருந்தது அம்மாவிடம். பிழைக்க வேண்டியது பிள்ளை.

மகள் வடிவுக்குப் பத்து வயது. யார் எது கேட்டாலும் அவள் முதலில் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். அங்கேயிருந்து பதில் வந்துவிடும்.

“பேரென்ன பாப்பா?”

“வடிவு,” என்பாள் பானுமதி.

“தோசை போடவா?”

“அவளுக்கு வேண்டாம், இப்பதான் சாப்ட்டா.”

போன மாதம் பள்ளியில் டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்: “நல்லா எழுதுறா. வாயைத்தான் திறக்க மாட்டேங்கிறா. எதுக்குப் பயப்படுறே வடிவு?”

“பயமெல்லாம் ஒண்ணும் கெடையாது டீச்சர்!” என்று அதற்கும் பானுமதியே பதில் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தபோதுதான் உறைத்தது. அன்றே முடிவு செய்தாள். இவளை நான் இல்லாத இடத்தில் ஆறு நாள் விட வேண்டும். பேசித்தானே ஆக வேண்டும்?

முகாமை நடத்துகிற கீதா, மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பத்தைச் சேர்ந்தவர். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பெயர் கொடுக்கப் போன அன்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாக வடிவைப் பார்த்தார்.

“உனக்கு என்னம்மா பிடிக்கும்? டிராயிங்கா, டான்ஸா?”

“டிராயிங் மேடம். பூ, மயிலு எல்லாம் போடுவா,” என்றாள் பானுமதி.

“நான் அவளைக் கேட்டேன்.”

“அவ கூச்சப்படுவா மேடம்.”

“படட்டுமே. கூச்சப்பட்டுண்டே சொல்லட்டும்.” கீதா சிரித்தார். “ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்கோ. அடுத்த தடவை யாராவது இவளை ஏதாவது கேட்டா, நீங்க வாயில ஒரு மடக்குத் தண்ணி வெச்சுக்கோங்கோ. முழுங்கப்படாது, துப்பவும் படாது. இவ பேசி முடிச்சப்பறம் முழுங்கிக்கலாம்.”

பானுமதியும் சிரித்து வைத்தாள். மேடத்துக்கும் நல்ல வாய்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை, துணிப்பையைத் தோளில் மாட்டிவிடும்போது மகளுக்குப் புத்திமதி சொன்னாள். “போன எடத்துல சோம்பேறின்னு பேரு வாங்கிராத. வெள்ளன எந்திரி. தண்ணி வந்தா மொத ஆளாப் போயி புடிச்சு வையி. அடுத்தவ கையப் பாத்து நிக்கக்கூடாது. வெளங்குதா?”

வடிவு தலையை ஆட்டினாள்.

திங்கள் போயிற்று. செவ்வாயும் போயிற்று. “பாத்தீங்களா?” என்று பானுமதி கணவனிடம் நெஞ்சை நிமிர்த்தினாள்.

புதன்கிழமை காலை பட்டறையிலிருந்து வேல்ராஜ் கூப்பிட்டான்.

“போன் வந்துட்டு.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். அந்த மேடம். ஒம் மவ டேங்க்குல இருந்த தண்ணி பூராவும் காலி பண்ணிட்டாளாம். எதுக்குன்னு கேட்டா வாயே தொறக்கலையாம். வந்து கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. எனக்கு இன்னைக்கு ஆர்டர் சரக்கு அனுப்பணும், நகர முடியாது. நீ போ. பையோட கூட்டிட்டு வா. நான் சொன்னது சொன்னதுதான்.”

சயானில் பஸ் ஏறியபோது பானுமதியின் கையில் ஒரு பொட்டலம் முறுக்கும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தன. நெஞ்சு நிறையப் பேச்சு இருந்தது. என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை மேடம் என்று ஆரம்பிப்பதா, ஏழைப் பிள்ளை என்றால் உடனே பழி போடுவீர்களா என்று ஆரம்பிப்பதா? இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

செம்பூர் முகாமின் முற்றத்துக்குள் காலை வைத்ததும் அவளுடைய பேச்சு நின்றுபோயிற்று.

கால்பந்துகளும் கிரிக்கெட் மட்டைகளும் தரையில் உருண்டு கிடந்தன. அவற்றைப் போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் விளிம்பு வரை தண்ணீர். சுவரோரமாக வாளிகள் வரிசையாக நின்றன, எல்லாவற்றிலும் தண்ணீர். சமையலறை அண்டாவில் தண்ணீர். பெயிண்ட் கலக்குகிற குவளைகளில்கூடத் தண்ணீர். பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு பிள்ளைகள் அங்கங்கே நின்றார்கள். மாட்டுங்கா அடுக்குமாடி வீட்டிலிருந்து வந்திருந்த கிட்டு என்கிற பையன் இடுப்பில் துண்டோடு நின்று, “மேம், ஷவர் எப்ப வரும்?” என்று நச்சரித்துக்கொண்டிருந்தான்.

பானுமதிக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. லேபர் கேம்ப்பில் விடியும் முன்பு ஒரு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். குடம், வாளி, டிரம், சொம்பு என்று வீட்டில் இருக்கிற எதையும் நிரப்பாமல் விடக்கூடாது. பிறந்த நாள் முதல் வடிவு பார்த்தது அதைத்தான். போதாக்குறைக்கு, புறப்படும்போது அம்மாவே சொல்லியும் அனுப்பியிருக்கிறாள்!

கீதா கோபமாக இல்லை. களைத்துப்போயிருந்தார். “மேல டேங்க் காலி. இனி சாயங்காலம்தான் தண்ணி வரும். முப்பது குழந்தைகள். கக்கூஸ்ல குழாயைத் திருகினா காத்து வர்றது. ஷைஸ்தாவைக் கேட்டா, ‘வடிவு சொன்னா, புடிச்சேன்’கிறா. இவளைக் கேட்டா சுவரைப் பார்க்கறா. குறும்புன்னா குறும்புன்னு சொல்லட்டும், திட்டிட்டு விட்டுடுவேன். வாயே திறக்காத குழந்தையை நான் எந்த தைரியத்துல வெச்சுக்கறது? நாளைக்குக் காய்ச்சல் வந்தாக்கூடச் சொல்ல மாட்டாளே!”

அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

கீதா வடிவின் பக்கம் திரும்பினார். “கடைசியா கேக்கறேன். ஏம்மா இப்படிப் பண்ணினே?”

வடிவு நிமிர்ந்தாள். வழக்கம்போல அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

பானுமதி வாயைத் திறந்தும்விட்டாள். பதில் நாக்கு நுனியில் நின்றது. ‘எங்க கேம்ப்புல காலைல ஒரு மணி நேரந்தான் மேடம் தண்ணி...’ அவ்வளவுதான், ஒரு வரி. மேடத்துக்குப் புரிந்துவிடும். மகள் முகாமில் இருந்துவிடுவாள்.

ஆனால் எதற்காக இங்கே வந்தாளோ அது நடக்காது.

சட்டென்று பாட்டில் மூடியைத் திருகினாள். அண்ணாந்து ஒரு பெரிய மடக்கை வாயில் விட்டுக்கொண்டு, இரண்டு கன்னமும் உப்ப அப்படியே நின்றாள்.

கிட்டு களுக்கென்று சிரித்தான். கீதாவின் புருவம் மேலே போயிற்று.

வடிவு காத்திருந்தாள். பத்து வருடமாகப் பதில் வந்த முகத்திலிருந்து இன்றைக்கு எதுவும் வரவில்லை. இரண்டு கன்னங்களும் இரண்டு கண்களும் மட்டும்தான். அந்தக் கண்கள், சொல்லுட்டி, சொல்லுட்டி என்றன.

“தண்ணி வந்துச்சு,” என்றாள் வடிவு.

“வந்துச்சுன்னா?” என்றார் கீதா மெதுவாக.

“கொழாயத் தொறந்தேன். வந்துச்சு.” நிறுத்தி எச்சிலை விழுங்கினாள். “எங்க கேம்ப்புல வெள்ளன ஒரு மணி நேரந்தான் வரும். அப்ப புடிக்கலேன்னா அன்னைக்குத் தண்ணி கெடையாது. இங்க எல்லாரும் தூங்கிட்டே இருந்தாங்க. இத்தன பேருக்கு யாரு புடிப்பா? அதான் ஷைஸ்தாவ எழுப்பிவிட்டு ரெண்டு பேருமாப் புடிச்சோம்.”

“நேத்து காலம்பற பண்ணலையே?”

“அப்பம் அசந்து தூங்கிட்டேன். ஆனா வாளி காலியாவே கெடந்துச்சு. இன்னைக்கும் விட்டா எல்லாரும் ஏசுவாங்கன்னு நெனச்சேன்.”

“சரி, என்னை எழுப்பிக் கேட்டிருக்கலாமே?”

“நீங்க கொறட்டை விட்டீங்க மேடம்.”

முற்றமே வெடித்துச் சிரித்தது. பானுமதி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். சிரித்தால் தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிடும்.

“ஆனா இப்ப டேங்க்ல தண்ணி இல்லையே, வடிவு?”

“டேங்க்குலதான் இல்ல. தண்ணி இருக்குல்லா?” இப்போது வடிவின் கை நீண்டது. “ஒரு சொட்டு கீழ போவல. அந்தா மூடி போட்ட டிரம்மு, அது குடிக்க. அண்டாவுல உள்ளது சமைக்க. பந்துத் தொட்டியில உள்ளது கக்கூஸுக்கு. வாளி பூராம் குளிக்கதுக்கு. சாயங்காலம் வரைக்கும் வரும்.”

கீதா முற்றத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். காலையிலிருந்து அவர் கண்ணுக்கு அலங்கோலமாகத் தெரிந்த இடம் இப்போது வேறு மாதிரி தெரிந்தது. டிரம் மேல் ஒழுங்காக மூடி இருந்தது. மூடிக்கு மேல் ஒரு செங்கல்லும் இருந்தது.

“இதைக் காலம்பற நான் கேட்டப்பவே சொல்லியிருந்தா, உங்கப்பாவுக்கு போன் பண்ணியிருக்கவே மாட்டேனே?”

வடிவு யோசித்தாள். “நீங்க கேட்டப்பம் அம்மா இல்லல்லா?” என்றாள்.

பானுமதி தண்ணீரை விழுங்கினாள்.

“புடிச்சு வைன்னு சொல்லி அனுப்பினது நாந்தான் மேடம்,” என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியம்.

“தெரிஞ்சுது,” என்றார் கீதா. “சரி வடிவு, புடிச்சது நீ. பங்கு போட்டுக் கொடுக்கறதும் நீதான். ஆரம்பி.”

“ஷவர் இல்லாம எப்படிக் குளிக்கறது?” என்று கிட்டு குறுக்கே விழுந்தான்.

“சொம்ப எடு. மொண்டு தலையில ஊத்து. ஒனக்குத் தலை இருக்குல்லா?”

அடுத்த கணம் வடிவு ஒரு வாளிக்குப் பின்னால் போய் இடுப்பில் கையை வைத்து நின்றாள். “ஏ, சப் லைன் மே ஆவ்! எல்லாரும் வரிசையில நில்லுங்க! நடுவுல பூந்தா கடைசிக்குப் போவணும்! ஏட்டி ஷைஸ்தா, அங்க நின்னு பாரு!”

பானுமதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவளுடைய குரல். குழாயடியில் அவள் போடுகிற அதே அதட்டல், அதே ஏற்ற இறக்கம். இத்தனை நாளாக இந்தப் பிள்ளை அதை எங்கே பூட்டி வைத்திருந்தது?

போன் அடித்தது. வேல்ராஜ்.

“கெளம்பிட்டியா?”

‘அதெல்லாம் ஒண்ணுமில்லங்க’ என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் மகளிடம் போனை நீட்டினாள்.

“அப்பா... ஆமா, நாந்தான். நான் வரல. ஞாயித்துக்கெழமைதான் வருவேன். இங்க லைன்ல ஆளு நிக்கி, வைக்கேன்.” வைத்துவிட்டாள்.

உடனே மறுபடி அடித்தது. இந்தத் தடவை பானுமதி எடுத்தாள்.

“ஏ பானு, இப்பம் பேசுனது யாரு?”

“ஒங்க மவதான்.”

அந்தப் பக்கம் தோல் வெட்டுகிற மேசையின் தட்தட் சத்தத்துக்கு நடுவே ஒரு பெருமூச்சு கேட்டது.

“அச்சு அசலா ஒன்னையமாரில்லா போன வச்சுட்டா! வீட்டுல இனி ரெண்டு பேரா? நான் செத்தேன்.” பிறகு அவனே இறங்கி வந்தான்: “சரி, சரி. இருந்துட்டு வரட்டும்.”

புறப்படுமுன் மகளிடம் போய் நின்றாள். வடிவு வரிசையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“நீ போம்மா. முறுக்க மட்டும் வச்சுட்டுப் போ.”

மறுநாள் விடியுமுன் லேபர் கேம்ப் குழாயடியில் வழக்கம்போல் குடங்கள் முட்டிக்கொண்டன. ஆஸியா பானுமதியின் முழங்கையை இடித்தாள்.

“போயி பாத்துட்டு வந்தியாமே? எங்க ஷைஸ்தா நல்லாருக்காளா? வடிவு எப்படி இருக்கா? சாப்பாடு ஒத்துக்கிச்சா? என்ன லஃப்டா, என்ன தகராறு பண்ணுனாளாம்?”

ஒவ்வொரு கேள்விக்கும் பானுமதியிடம் பதில் இருந்தது. கொறட்டைக் கதையைச் சொன்னால் குழாயடியே உருண்டு புரளும். வாய் துடித்தது. அவள் குடத்தை நகர்த்தி நீரின் நேர்க்கீழே வைத்தாள்.

“ஞாயித்துக்கெழமை வருவா. அவகிட்டயே கேளு,” என்றாள்.

ஆஸியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்ன பானு, தொண்ட கட்டிக்கிச்சா?”