மறுமுனையில் குளிர்கிறது

அந்தக் கட்டடத்தில் ஏசி அளவுக்கு மீறி மின்சாரம் குடித்ததால், சூடான ஆள் ஒருவரையும் குளிரில் நடுங்கும் ஆள் ஒருவரையும் செப்புக் குழாயால் இணைத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. யாரும் மறுக்கவில்லை.

குழாய் எளிமையானது. இருபுறமும் அடைத்து, உள்ளே ஒரு மிடறு தண்ணீர். சூடான முனையில் அது ஆவியாகும். குளிர்ந்த முனைக்குப் போய்ச் சூட்டை இறக்கிவைத்துவிட்டு, மறுபடி தண்ணீராகத் திரும்பி வரும். மோட்டார் கிடையாது. இரண்டு முனையிலும் ஆள் இருந்தால் போதும்.

இருநூற்றுப் பதினோரு வீடுகளுக்கும் குழாய் மாட்டியவர் ஏசி மெக்கானிக் தணிகாசலம். எல்லாம் முடிந்ததும் தனக்கு ஒன்று கேட்டுக் கட்டட அலுவலகத்துக்குப் போனார்.

“மறுமுனையில யாரு?” என்றார் குமாஸ்தா.

“எனக்கு யாருமில்லீங்க.”

“பேரு இல்லாம குழாய் தர முடியாது.”

“அப்ப?”

“யாரோன்னு எழுதுங்க.”

எழுதினார். குழாய் வந்தது. மாட்டிவிட்டு, மெக்கானிக்குகள் வழக்கப்படி புறங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்றிருந்தது. எங்கோ ஒருவருக்குக் குளிர்கிறது, தன் சூடு அங்கே போகிறது. மனைவி இறந்து பதினொரு வருஷமாகிறது. அதற்குப் பிறகு அவருக்கு வந்த முதல் சேதி இதுதான். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்தார். வராந்தா நீண்டது. மதியம் வரை நீண்டது. ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்துவிட்டு எழுந்தார். அதற்குள் இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தது.

குழாய் நுழைந்த வீட்டுக் கதவைத் தட்டினார். ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் திறந்தாள். வாசல் பலகையில் ‘யாரோ’ என்றிருந்தது.

“என் பேரு அமிர்தவல்லி. நேத்துதான் பலகைய மாத்திட்டாங்க,” என்றாள். “காலையில சூடு நல்லா வந்துச்சு. இப்ப நின்னுபோச்சே?”

“நான் கெளம்பி இங்க வந்துட்டேங்க.”

இத்தனை குழாய் மாட்டியவருக்கு இது உறைக்காமல் போனதுதான் வேடிக்கை. எதிரே உட்கார்ந்தார். அறையில் இரண்டு பேர் என்றதும் கூரையிலிருந்த ஏசி விழித்துக்கொண்டு பனிக்காற்றை ஊதியது. அவள் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். அவர் நாற்காலியை நெருக்கிப் போட்டார். ஏசி இன்னும் பலமாக ஊதியது.

“நீங்க அங்க இருந்தாத்தான் எனக்குக் கதகதப்பு,” என்றாள். அவளுக்கும் வருத்தம்தான்.

“காபி மட்டும் குடிச்சிட்டுப் போறேனே?”

“ஆறிப்போச்சு சார்.”

திரும்பும்போது நாலே எட்டில் வராந்தா முடிந்துவிட்டது. புறங்கையை வைத்தார். சில்லென்றிருந்தது. அன்று முதல் அவர் வேலைக்குப் போகவில்லை. கையை எடுக்கவுமில்லை. எடுத்தால் அங்கே குளிரும்.

ஒன்பதாம் நாள் காலை கதவு தட்டும் சத்தம் கேட்டது.

“யாரு?”

“நான்தான் சார், அமிர்தவல்லி. குளிர்னாலும் பரவாயில்லன்னு வந்துட்டேன்.”

தணிகாசலம் குழாயைப் பார்த்தார். புறங்கையில் சில்லிப்பு மாறவே இல்லை.

“நீங்க இங்க வரலீங்க. அங்கதான் இருக்கீங்க. கை சொல்லுது.”

“கதவத் திறந்து பாருங்களேன்.”

“கைய எடுக்கணும். எடுத்தா உங்களுக்குக் குளிரும்.”

வெளியே காலடிச் சத்தம் கிளம்பியது. நாலு எட்டில் முடிந்திருக்க வேண்டியது, சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருந்தது. அவருக்கு அழுகை வந்தது. கையை எடுக்காமல் அழுதார்.