மூன்றாவது கியரில் நான்கு ஓட்டம்

கார் வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. மிதி என்றால் மிதிப்பவர்கள் ஒரு வகை. ஏன் மிதிக்க வேண்டும், எவ்வளவு மிதிக்க வேண்டும், மிதித்தால் என்ன ஆகும் என்று குடைபவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையைக் கண்டாலே எனக்கு ஆகாது. மருந்துக்கடைக்காரர் அந்த வகையில் முதல் வரிசை. என் ஃபோனில் அவர் எண்ணை 'சந்தேகம்' என்றுதான் பதிந்து வைத்திருந்தேன். இப்போதும் அப்படியேதான் இருக்கிறது, மாற்றக் கை வரவில்லை.

அவருடையது ஒரு குட்டிக் கார். வெளியிலிருந்து பார்த்தால் காய்கறி வாங்கப் போகிற வண்டி. உள்ளே டர்போ எஞ்சின். டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். அழுத்திய காற்று சூடாகும், சூடான காற்றைத் தின்று எஞ்சின் சோர்ந்துபோகும். அதனால் நடுவில் இன்டர்கூலர் என்று ஒன்று காற்றை ஆற்றி அனுப்புகிறது. கம்பெனி வைத்து அனுப்பும் இன்டர்கூலர் யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதைக் கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்றை மாட்டி, எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று எஞ்சினின் கம்ப்யூட்டரில் எழுதியிருப்பதையும் மாற்றினால் அதே வண்டி வேறு வண்டியாகிவிடும். கழற்றி மாட்டுவது மச்சான் வேலை. என் மனைவியின் அண்ணன். கம்ப்யூட்டர் என் வேலை.

இன்டர்கூலர் மாட்டிய அன்று அவர் பக்கத்திலேயே நின்றார். பம்பரைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். இந்தக் குழாய் எத்தனை மில்லிமீட்டர், இந்த கிளாம்பை எவ்வளவு முறுக்க வேண்டும், அதிகமாக முறுக்கினால் என்ன ஆகும்.

மச்சான் நிமிர்ந்து பார்த்து, "சார், உங்க கடையில மாத்திரை வாங்கும்போது இது ஏன் வெள்ளையா இருக்குன்னு நான் கேட்டிருக்கனா?" என்றான்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் இரண்டு வண்டிகள் காத்துக்கொண்டிருந்தன.

என் பங்கு வேலையை முறையாக ரோலர் மேல் ஏற்றித்தான் செய்ய வேண்டும். சக்கரங்கள் உருளைகளின் மேல் சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், யாருக்கும் ஆபத்தில்லை. எங்கள் ரோலரில் பேரிங் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. வேலை நிற்கக் கூடாதென்று வருகிற எல்லோரையும் ரோட்டில் ஓட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைச் செருகிக் கொடுப்பேன். காலியான, நேரான ரோடாகப் பார்த்து, மூன்றாவது கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று சுற்றுவதிலிருந்து ஆறாயிரத்து ஐந்நூறு வரை ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்து ஒரே ஓட்டம். நடுவில் காலை எடுத்துவிட்டால் அதற்கு மேல் எஞ்சின் என்ன செய்கிறதென்று எனக்குத் தெரியாது. கருவி நொடிக்குப் பத்து முறை எல்லாவற்றையும் குறித்து, ஓட்டுகிறவரின் ஃபோன் வழியாக எனக்கு உடனுக்குடன் அனுப்பிவிடும். அந்தப் பதிவுக்குப் பெயர் லாக்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு முதல் லாக் வந்தது. பழைய இன்டர்கூலரைவிடக் காற்று இருபத்திரண்டு டிகிரி குளிர்ச்சி. மச்சான் பிரமாதமாக மாட்டியிருந்தான். ஆனால் மருந்துக்கடைக்காரர் நாலாயிரத்து எண்ணூறிலேயே காலை எடுத்துவிட்டார். 'மறுபடியும்' என்று எழுதினேன். இரண்டாவதும் நாலாயிரத்து எண்ணூறு. மூன்றாவது இன்னும் மோசம், நாலாயிரத்து எழுநூறு. அதோடு இரண்டு நிமிட நீளத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ். அவர் அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களை நான் கேட்பதே இல்லை. கேட்க உட்கார்ந்தால் அன்றைய வேலை அதோடு சரி. கேட்காமலே பதில் எழுதினேன்.

'காலை எடுக்காதீங்க சார். 6500 வரைக்கும் எடுக்கவே எடுக்காதீங்க. பயமா இருந்தா வண்டிய வித்துட்டு பஸ்ல போங்க.'

'சரி சார்' என்று வந்தது. நான்கு நிமிடம் கழித்து நான்காவது லாக் வந்தது. பாதியில் நின்றிருந்தது. கருவியை ஆட்டிக் கழற்றிவிட்டார் போலிருக்கிறது என்று அதற்கும் அவரைத்தான் திட்டினேன்.

மத்தியானம் செய்தி வந்தது. கல்குவாரியிலிருந்து வரும் கிளை ரோட்டில் ஒரு டிப்பர் லாரி திரும்பியிருக்கிறது. கார் அதன் பக்கவாட்டில் போய்ச் செருகிவிட்டது. அவர் உயிர் அங்கேயே போய்விட்டது. லாரி டிரைவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதன் பிறகுதான் அந்த வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். முதல் ஒன்றரை நிமிடம் வண்டி எப்படி ஓடுகிறதென்று சின்னப் பிள்ளை போலச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில், "சார், நான் காலை எடுக்கற இடத்தைத் தாண்டின உடனே வலது பக்கத்துலருந்து குவாரி ரோடு வந்து சேருது. மரம் மறைக்குது, லாரி வந்தா தெரியாது. அதான் எடுத்துடறேன். வேற ரோடு பாக்கட்டுமா, இல்ல இதுவே போதுமா? ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

ஒரு வார்த்தைதான் கேட்டிருக்கிறார். நான் மூன்று வரி எழுதியிருக்கிறேன். ஒர்க்‌ஷாப்பின் ஷட்டரை இறக்கிவிட்டு ஃபோனை மச்சானிடம் நீட்டினேன்.

மச்சான் வாய்ஸ் மெசேஜை முழுக்கக் கேட்டான், என் பதிலையும் படித்தான். பிறகு, "மாப்ளே, வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்காதே. மிதிச்சது அவர் கால். எல்லாத்தையும் அழிச்சுடு" என்றான்.

"கேட்டாரு மச்சான். ஒழுங்கா, மரியாதையா கேட்டாரு."

"உன் காதுல விழலையே. விழாததுக்கு நீ என்ன பண்ணுவே?"

அவன் கெட்டவனில்லை. என் பிள்ளைகளுக்கு மாமன், என் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமென்று நினைக்கிறவன். நானும் அழிக்கத்தான் விரலை வைத்தேன். விபத்தில் அவர் ஃபோன் நொறுங்கிவிட்டது என்று யாரோ சொன்னபோது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. மனிதன் செத்துக் கிடக்கிறான், ஃபோன் நொறுங்கியதற்கு நிம்மதி. அந்த நிம்மதிக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் மாலை நான்கு மணிக்கு அவர் மனைவி வந்தார். தோளில் ஒரு பெரிய பை, அது நிறையப் பரீட்சை பேப்பர். தரையில் கிடந்த எண்ணெய்த் திட்டுகளைத் தாண்டித் தாண்டி வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"நீங்கதானே கம்ப்யூட்டர்ல பாக்கறவரு? அவரு உங்களைப் பத்தி நிறைய சொல்லுவாரு."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். யாரிடமோ பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு வந்ததைப் போல நிறுத்தாமல் பேசினார்.

"ரோட்ல பிரேக் அடிச்ச தடமே இல்லைன்னு போலீஸ்காரர் சொல்லிட்டுப் போயிட்டாரு. தடம் இல்லைன்னா வேணும்னே போய் மோதினாருன்னு அர்த்தமாம். எங்க வீட்டுக்காரரோட அண்ணன் என்னைப் பாத்து, 'வீட்ல ஏதாவது பிரச்சனையாம்மா?'ன்னு கேட்டாரு. அன்னையிலருந்து வர்றவங்க போறவங்க எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க."

மேஜை மேல் கிடந்த ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

"பிரச்சனை இருந்துச்சு. முந்தின நாள் சாப்பிடும்போது சண்டை. 'அந்தக் காரையே கட்டிக்கிட்டு அழுங்க, வீட்டுக்கு வர வேண்டாம்'னு சொன்னேன். காலையில நான் எழுந்திருக்கறதுக்கு முன்னாடி கிளம்பிட்டாரு." பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். அவரு பிரேக்ல கால் வச்சாரா?"

வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டுக்குக் கீழே மச்சானின் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"இப்போ வர்ற கார்ல பிரேக் அடிச்சா சக்கரம் இறுகி நிக்காதும்மா. தடம் விழாது" என்றேன். பொய்யில்லை.

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டான். "ஆமாம்மா, தடம் விழாது. போலீஸ்காரருக்கு என்ன தெரியும்? மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "தடம் விழாதுன்னா அடிச்சும் இருக்கலாம், அடிக்காமலும் இருக்கலாம். நான் பள்ளிக்கூடத்துல கணக்கு எடுக்கறேன் சார். அடிச்சாரான்னுதானே கேட்டேன்?"

பதில் என் கம்ப்யூட்டரில், அந்த நான்காவது லாகில் இருந்தது. அதைக் காட்டினால், ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ரோட்டில் அவர் எதற்கு அப்படிப் போனார் என்பதையும் காட்ட வேண்டும். கடைசி வரியை மட்டும் காட்டி அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற யோசனைதான். காட்டாமல் அனுப்பினால் நான் செய்ததை இந்த அம்மாள் காலமெல்லாம் தன் தலையில் சுமப்பார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பிரின்டரைப் போட்டேன். மச்சான் "மாப்ளே" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டான். நான் திரும்பவில்லை. அவன் வெளியே போய்விட்டான்.

நான்கு தாள்கள் வந்தன. நான்காவதை முதலில் கொடுத்தேன். எந்த வரிசை வேகம், எந்த வரிசை ஆக்ஸிலரேட்டர் என்று சொன்னேன். "இது பிரேக். பூஜ்யம்னா கால் வைக்கல. ஒண்ணுன்னா வச்சிருக்காரு."

அவர் விரலை வைத்துக் கீழே இறங்கினார். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். தாளின் அடியில் விரல் நின்றது. எண்ணினார்.

"பதினஞ்சு ஒண்ணு இருக்கு."

"ஒன்றரை நொடி. நூத்தி நாப்பத்தாறுலருந்து தொண்ணூத்திநாலுக்குக் கொண்டு வந்திருக்காரு. அதுக்கு மேல எந்தப் பிரேக்காலயும் முடியாதும்மா. இருந்த பலம் முழுக்க மிதிச்சிருக்காரு."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பன்னிரண்டு நாளாக அழாமல் வைத்திருந்த அழுகை அது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருக்கணும்ண்ணா நீங்க. என் உயிரைக் குடுத்திருக்கீங்க" என்றார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் என்னை அண்ணா என்று கூப்பிடாமல் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கையை விடுவித்துக்கொண்டு, ஃபோனை எடுத்து, அந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டேன். இரண்டு நிமிடமும் அவர் கணவரின் குரலைக் கேட்டார். அது முடிந்ததும் அதற்குக் கீழே நான் எழுதியிருந்ததைக் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார்.

மற்ற மூன்று தாள்களையும் இழுத்து வரிசையாக வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றிலும் ஆக்ஸிலரேட்டர் நூறிலிருந்து பூஜ்யத்துக்கு விழும் இடத்தை அவரே கண்டுபிடித்தார்.

"இந்த மூணுலயும் எடுத்திருக்காரு."

"ஆமாம்மா."

"நாலாவதுல எடுக்கல."

"நான் எடுக்கக் கூடாதுன்னு சொன்னேன். அதனால எடுக்கல."

அறைவார் என்று எதிர்பார்த்தேன். சாபம் விடுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டில் எது செய்திருந்தாலும் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் மூன்று தாள்களை மடித்துப் பரீட்சை பேப்பர்களோடு பைக்குள் வைத்தார். நான்காவதை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கு இந்த மூணு போதும். மூணு தடவையும் வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்காரு" என்றார். "அதை நீங்க எடுத்துக்கிட்டு வாங்க. ஃபோனையும் எடுத்துட்டு வாங்க. நாளைக்குச் சாயங்காலம் அவங்க அண்ணன் வீட்ல எல்லாரும் இருப்பாங்க. இப்போ எங்கிட்ட சொன்னதை அங்க வந்து சொல்லணும்."

"நீங்களே சொல்லலாமேம்மா..."

"நான் சொன்னா எவன் நம்புவான்? இவ தன் மேல விழுந்த பழியைத் துடைச்சுக்கறான்னுதான் சொல்லுவாங்க." எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அண்ணா என்று இப்போது கூப்பிடவில்லை. "வருவீங்களா?"

இரண்டாவது முறையும் அவர் அதைக் கேட்க வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் வருகிறேன் என்று சொன்னேன்.