தண்ணீர் புகாத ஈ

மூன்றாவது முறையாக நூல் அறுந்தபோது கடிகாரக்காரர் சாமணத்தை மேசையில் வீசிவிட்டு, "சனியன்" என்றார். யாரைச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையின் மறுமுனையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள், புத்தகத்தில் வந்து விழுந்த கோழி இறகை ஊதித் தள்ளினாள்.

"அப்பா, பகல்ல கடையில ஈ ஓட்டுறீங்க, சாயங்காலம் வீட்டுல ஈ கட்டுறீங்க. மொத்தத்துல ஈயை விடுறதா இல்லை."

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்த மாதம் கடையில் நிலைமை அப்படித்தான் இருந்தது என்பதால் சாமணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அவர் கட்டிக்கொண்டிருந்தது மீன் பிடிக்கிற ஈ. தூண்டில் முள்ளின் மேல் நூலும் இறகும் சுற்றி, பார்வைக்குப் பூச்சி போலச் செய்து, தண்ணீர்மேல் வீசுவார்கள். மீன் நிஜம் என்று நம்பி எகிறிக் கவ்வும். அவருக்கு இதில் எந்த ஆசையும் கிடையாது. ஆசையெல்லாம் அவர் மனைவிக்கு. வாரத்தில் ஆறு நாள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள், ஞாயிறு விடிந்தால் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விடுவாள். ஒன்பது வருஷமாக அதுதான் வழக்கம். ஆரம்பத்தில் இவரையும் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும், "ஒரு வாட்ச் பாக்கி இருக்கு" என்று சொல்லிக் கழன்றுகொண்டார். பிறகு அவள் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியது அவருக்குத் தெரியவே ஒரு வருஷம் ஆயிற்று.

இப்போது தங்கை புருஷனுக்கு வேலை மாற்றலாகி அவர்கள் வேறு ஊர் போய்விட்டார்கள். போன திங்கட்கிழமை டீ ஆற்றிக்கொண்டே மனைவி, "மூணு வாரத்துல ஆத்துல தண்ணி வடிஞ்சிடும். நீங்களும் வாங்களேன்" என்றாள். பேச்சுவாக்கில் சொன்ன மாதிரிதான் சொன்னாள். ஆனால் இது தப்பினால் இன்னொரு தடவை வராது என்று மனிதருக்குத் தெரிந்தது.

"வரேன்" என்றார். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "ஈயெல்லாம் நான் கட்டுறேன். நீ வாங்காத."

"எதுக்குங்க? என்கிட்ட ஒரு டப்பா நிறைய இருக்கு."

"நீ சும்மா இரு. இருபது வருஷமா மயிரிழை ஸ்பிரிங்கையே நிமித்திட்டிருக்கேன். ஒரு இறகை முள்ளுல கட்ட முடியாதா எனக்கு?"

முடியவில்லை. அதுதான் ஆத்திரம். கடிகாரத்தின் பாகங்கள் மரியாதை தெரிந்தவை, வைத்த இடத்தில் இருக்கும். இந்த இறகு மூச்சு விட்டால் நகர்கிறது. நூலை இறுக்கினால் அறுந்துபோகிறது, தளர்த்தினால் அவிழ்ந்துபோகிறது. முள்ளை வைஸ் இடுக்கியில் பிடித்து, ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, சுற்றுகளை எண்ணி எண்ணிச் சுற்றினார். கடைசியில் ஒரே ஒரு இழை கோணலாக நின்றாலும் பிளேடால் மொத்தத்தையும் அறுத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். முதல் வாரம் முழுக்க இரண்டு ஈ தேறியது. அவற்றையும் ஞாயிற்றுக்கிழமை குப்பையில் போட்டார்.

ஒருநாள் மனைவி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து பக்கத்தில் நின்றாள். "நல்லாத்தானே இருக்கு. மீன் என்ன மார்க்கா போடப்போவுது?"

"என் கையால அரைகுறையா எதையும் குடுத்ததில்ல."

அவள் சிரித்துவிட்டு, அன்றைக்கு பஸ்ஸில் ஒரு கிழவர் கையில் கூண்டோடு கிளி கொண்டுவந்து, அதற்கும் டிக்கெட் கேட்டு அடம்பிடித்த கதையைச் சொல்லத் தொடங்கினாள். அவர் "ம்" என்றார். இன்னொரு "ம்" என்றார். கதை பாதியில் நின்றுபோனதை அவர் கவனிக்கவில்லை. மூன்றாவது "ம்" சொன்னபோது அவள் சமையலறையில் இருந்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை பன்னிரண்டு ஈ தயாராகிவிட்டது. கடைசியில் தலைப்பக்கம் ஒரு சொட்டு வார்னிஷ் வைக்க வேண்டும், முடிச்சு அவிழாமல் இருக்க. ஒரு சொட்டு அவருக்கு எப்படிப் போதும்? தண்ணீரில் போகிற சாமான் இது. தண்ணீர் புகாதபடி மூடாமல் ஒரு கடிகாரம்கூட அவர் கடையை விட்டு வெளியே போனதில்லை. மூன்று பூச்சு பூசினார், காயவைத்துக் காயவைத்து. கடிகாரப் பெட்டியில் பஞ்சு பரப்பி வரிசையாக வைத்தபோது எல்லாம் பளபளவென்று மின்னின.

"சும்மா சொல்லக்கூடாதுப்பா, நகைக்கடை மாதிரி இருக்கு" என்றாள் மகள். அன்றிரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனார். ஆறு தெளிந்து, கூழாங்கல் தெரிகிற ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தூண்டில் கம்பைப் பூட்டி, நைலான் நரம்பை இழுத்துவிட்டு, "ஒண்ணு குடுங்க" என்று கையை நீட்டினாள். இருந்ததில் அழகானதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

நரம்பு கோக்க முள்ளின் தலையில் ஊசிக்கு இருப்பது போல ஒரு காது உண்டு. அவள் கோத்தாள், போகவில்லை. நுனியை எச்சிலால் நனைத்துக் கோத்தாள், அப்போதும் போகவில்லை. ஈயை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னங்க, காதையே காணோம்."

வார்னிஷ் காதை அடைத்துக் கல்லாக இறுகியிருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. பன்னிரண்டும் அப்படியே. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தண்ணி புகாம அடைச்சிட்டீங்களா! ஐயோ, விடுங்க, என் டப்பாவுல இருக்கு. வாங்க, அந்தப் பாறைகிட்டப் போவோம். அங்கதான் மீன் நிக்கும்."

அவள் சிரிப்பில் கேலி இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. அது அவர் காதில் ஏறினால்தானே. "ஒரு ஊக்கு இருந்தா குடு. பத்தே நிமிஷம்."

"இப்ப எதுக்குங்க?"

"பத்து நிமிஷம்னு சொல்றேன்ல?"

அவள் பையிலிருந்து ஊக்கை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

கரையில் உட்கார்ந்து குத்தினார். ஊக்கு வழுக்கி விரலில் ஏறியது. அழுத்திக் குத்தினால் தலை பிளந்து, ஒரு சாயங்காலம் முழுக்கச் சுற்றிய நூல் ஒரே நொடியில் உருவிக்கொண்டு வந்தது. தன்னை, வார்னிஷை, அதை விற்ற கடைக்காரனை, ஆற்றை, எல்லாவற்றையும் முனகிய குரலில் வைதார். "ஏங்க, இங்க பாருங்க!" என்று தண்ணீரிலிருந்து குரல் வந்தது. "ம்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஏங்க! சீக்கிரம்!" அதற்கும் "ம்" என்றார், அப்போது ஐந்தாவது ஈயின் காது திறக்கிற நேரம். பிறகு குரல் வரவில்லை. தொந்தரவில்லாமல் வேலை வேகமாக நடந்தது.

நான்கு பாழாகி எட்டு தேறின. எட்டிலும் நரம்புத் துண்டைக் கோத்துப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுது!" என்று வெற்றியோடு நிமிர்ந்தார். தண்ணீரில் யாரும் இல்லை. பதறி எழுந்தார்.

"இங்கதான் இருக்கேன்."

பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். கம்பைக் கழற்றி உறையில் போட்டாயிற்று. கால்சட்டையில் ஈரம் காய்ந்திருந்தது.

"நீ எப்ப வந்தே?"

"ஒரு மணி நேரம் ஆச்சு."

"கூப்பிடக் கூடாதா?"

"ரெண்டு தடவை கூப்பிட்டேன். அப்புறம், கூப்பிடாம உக்காந்தா எப்பத்தான் நிமிர்றீங்கன்னு பாக்கலாம்னு இருந்தேன்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். பெட்டியை நீட்டி, "எட்டு தேறிடுச்சு" என்றார்.

அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அழகா இருக்கு" என்றாள், நிஜமாகவே. "கிளம்பலாம். வெயில் ஏறிடுச்சு, இனி மீன் வராது."

கம்பை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டிருந்தவளிடம், "அடுத்த வாரம்..." என்று இழுத்தார்.

"அடுத்த வாரம் எங்க டெப்போவுல ஒருத்தி வரேன்னு சொல்லியிருக்கா" என்றாள் அவள், முடிச்சை இறுக்கியபடியே. "அவளுக்கு மீன் பிடிக்கவெல்லாம் தெரியாது. சும்மா பேசிட்டிருக்கலாம்னு வரா."